வாசலுக்கு மேலே இருபத்தைந்து அடி

ஏப்ரல் 5, சனி

நாங்கள் நடத்தும் மலைக்குடிலில் இன்று ஒன்பது பேர் தங்கல். ஒருவருடைய காலுறை நாற்றத்திலேயே பாதிப் பனி உருகிவிடும். மாலையில் தம்பி குர்தின் வழக்கம்போல ஊரிலிருந்து ஸ்கீ கட்டைகளில் ஏறி வந்தான், முதுகில் பன்னிரண்டு ரொட்டி. எல்லாம் அவன் கடையில் சுட்டது.

"என்ன அக்கா, இன்னும் ரெண்டு சுத்து பெருத்துட்டே. வாசல் பத்துதா?"

"எல்லாம் உன் ரொட்டிதான்டா. கல்லு மாதிரி வயித்துலயே உக்காந்துக்குது."

மற்றவர்கள் நாளை கீழே இறங்குகிறார்கள். இவன் மட்டும் கணவாய்க்குப் போகிறானாம். வானம் மூடிக்கொண்டு வருகிறது.

ஏப்ரல் 6

குர்தின் இல்லை.

ஏப்ரல் 9

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

வசந்தத்தில் காலை நாலரைக்குக் குடில்காரியான நான் வெளியே போய்ப் பனியில் கோலைக் குத்திப் பார்க்க வேண்டும். இரவில் உறைந்திருந்தால் போகலாம், பத்து மணிக்குள் சரிவை விட்டு இறங்கிவிடலாம். உறையவில்லையென்றால் சரிவு பெயர்ந்து விழும், போகக் கூடாது. மேகம் மூடிய இரவில் பனி உறையாது. இது எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதே நான்தான்.

அன்று வீட்டுச் செருப்பு. கையில் காபி. வாசலிலிருந்து இரண்டே அடி போய்க் குத்தினேன். நாள் முழுக்க எல்லோரும் மிதித்து மிதித்து இறுகிப்போன இடம். அங்கே எப்போதும் கெட்டிதான். யாரும் மிதிக்காத பனி இருபத்தைந்து அடி மேலே இருந்தது. குளிராக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

"கெட்டியா இருக்கா அக்கா?"

"உன் ரொட்டி மாதிரி இருக்கு. போ."

சிரித்துக்கொண்டே போனான். ஒன்பது மணிக்கு முன்பே கிழக்குச் சரிவு மொத்தமாகப் பெயர்ந்தது. என் கணவர் யாஹெனும் இறங்கிக்கொண்டிருந்த இருவரும் ஓடிப்போய், அவன் மார்பிலிருந்த கருவி தந்த சமிக்ஞையை வைத்துத் தோண்டி எடுத்தார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டது. பனிக்குள் அரை மணி மிக அதிகம்.

ஏப்ரல் 10

அடக்கம். கல்லறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்: "ரொட்டிக்காரன் லேட்டாக் கிளம்பியிருப்பான். கணவாயைப் பார்த்தே ஆகணும்னு பேராசை." ஊர்க்கதை என்றால் முதல் வரிசையில் நிற்பவள் நான். இன்று வாயில் கொழுக்கட்டை.

ஏப்ரல் 14

அவன் மனைவி லதீனா கேட்டாள்: "அண்ணி, அவர் பார்க்காமப் போற ஆளில்லையே. காலைல பனி கெட்டியாத்தானே இருந்துச்சு?"

"கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

ஏப்ரல் 15

பொய்கூட இல்லை. வாசலில் கெட்டியாகத்தான் இருந்தது. சீ.

ஏப்ரல் 27

கடைக்குப் போய் லதீனாவிடம் சொல்லிவிட்டேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"செருப்போடயா?"

"செருப்போட."

"மூணு வாரமா ஊரே அவரைத் திட்டுது. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"போங்க அண்ணி."

போனேன். நேராக நாலு வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். இருட்டுவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இந்தத் தொழிலில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மே 19

யாஹென் குடிலை விட்டுவிடலாம் என்கிறார். விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? எனக்கு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 28, அடுத்த வருடம்

விடவில்லை. மீண்டும் திறந்தாயிற்று. ரொட்டி வேறு ஊரிலிருந்து வருகிறது. பஞ்சு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று மாலை லதீனா ஏறி வந்தாள். முதுகில் பன்னிரண்டு ரொட்டி. மேசையில் அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலை நாலரை. பூட்ஸ். மேகம். இருபத்தைந்து அடி ஏறிக் குத்தினேன். கோல் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். லதீனா. என் கோலுக்குப் பக்கத்தில் தன் கோலைக் குத்தினாள். அதுவும் பிடிவரைக்கும் போனது.

இறங்கி வந்து, கிளம்பத் தயாராக நின்ற ஏழு பேரையும் திரும்பப் படுக்கச் சொன்னேன். ஒருவர் முனகினார்: "வாசல்ல கல்லு மாதிரி இருக்கே."

நான் வாய் திறப்பதற்குள் லதீனா சொன்னாள்: "வாசல்ல எப்பவும் அப்படித்தான் இருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கத்தி எங்க அண்ணி? ரொட்டி அறுக்கணும்."