பன்னிரண்டாம் குதிரை

கீரமங்கலம்
21-1-1958, செவ்வாய்

ஜெயிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, எந்தச் சனிக்கிழமையும் ஜெயிக்கவில்லை. பன்னிரண்டாம் நம்பர் என்ன ஆயிற்று, ஏன் இன்னும் கார்டு வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்குப் பதில்.

இனி நமஸ்காரம். அத்தை நலம். நானும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கொல்லையில் கடலை பூ விட்டிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக வர வேண்டும்.

ஐப்பசியில் வந்தபோது சொன்னீர்கள், சனிக்கிழமை லாரி ஆபீஸ் கதவைச் சாத்தியதும் கால் தானாகக் கிண்டி ரேஸ் பக்கம் திரும்புகிறது என்று. போன சீசனில் சைக்கிள் போயிற்று. பிறகு அத்தையின் தண்டட்டி. இப்போதும் பேச்சுக்கு நடுவில் அத்தையின் விரல் காதுக்குப் போகிறது. வெறும் துளையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. சனிக்கிழமையின் அந்தச் சில மணி நேரத்தை எதைக் கொண்டாவது அடைக்க வேண்டும் என்றுதான் இந்த ஆட்டத்தைச் செய்தேன்.

ஏழு தடம். தடத்துக்குப் பன்னிரண்டு கட்டம். நோட்டு அட்டையில் வெட்டிய ஏழு குதிரை. வீட்டுத் தாயக்கட்டை இரண்டும். கட்டை தருவது ஒன்று முதல் ஆறு, பிறகு பன்னிரண்டு. அவையே குதிரைகளின் நம்பர். விழுந்த நம்பரின் குதிரை ஒரு கட்டம் நகரும். ஒரே மாதிரி இரண்டு பலகை வரைந்து ஒன்றை உங்கள் அறைக்கு அனுப்பினேன். சனிக்கிழமை இங்கே அத்தை உருட்டுவார்கள். விழுந்ததை வரிசையாகக் கார்டில் எழுதுவேன். நீங்கள் அங்கே அதைப் பார்த்துக் குதிரைகளை நகர்த்துவீர்கள்.

எந்தக் குதிரை வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் பன்னிரண்டு என்றீர்கள். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தாயத்தில் பன்னிரண்டு விழுந்தால் காய் பன்னிரண்டு கட்டம் தாண்டும், மறுபடி உருட்டவும் கிடைக்கும். இங்கே அது ஒரு கட்டம்தான். அத்தைக்கே அது பழக இரண்டு வாரம் ஆயிற்று. தாயமோ பன்னிரண்டோ விழுந்தால், தான் ஒருவரே உருட்டுவதை மறந்து கட்டையைக் கைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னொரு ஆட்டம் எனக்குத்தேன்" என்பார்கள்.

கணக்கு டீச்சர் நான். உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு கட்டையும் பதினாறு விதமாக விழலாம். அதில் மூன்று வருவது நான்கு விதத்தில். பன்னிரண்டு வருவது ஒரே விதத்தில், இரண்டு கட்டையும் புள்ளி இல்லாமல் வெறுமையாக விழுந்தால் மட்டும். நாலு கட்டம் போதும் பன்னிரண்டின் தடத்துக்கு, மூன்றின் தடத்தைப் பதினாறாக நீட்டிவிடலாம் என்று எழுதினேன். கிண்டியில் நல்ல குதிரைக்குச் சேணத்தில் ஈயம் வைத்துப் பாரம் ஏற்றுவார்கள் என்று நீங்கள் சொன்னதிலிருந்து வந்த யோசனை. நீங்கள் ஒப்பவில்லை. பந்தயம் என்றால் எல்லாருக்கும் ஒரே தூரம், ஜெயிக்கிறது ஜெயிக்கட்டும் என்று பதில் போட்டீர்கள்.

முதல் இரண்டு வாரமும் உள்ளதை எழுதினேன். உங்கள் குதிரை ஒரு தரம் ஒரு கட்டம் போயிற்று. இன்னொரு தரம் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்து உங்கள் கார்டு வந்தது. இதில் உயிரே இல்லை, கிண்டிக்குப் போய்ச் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று.

மூன்றாம் வாரம் பன்னிரண்டு ஜெயித்தது. நான் ஜெயிக்க வைத்தேன்.

அத்தை உருட்டியது ஒன்று. கார்டில் எழுதியது வேறு. முதலில் பின்தங்க விட்டேன். மூன்றும் நான்கும் முன்னால் ஓடின. கடைசி இருபது உருட்டலில் பன்னிரண்டைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வாரமும் வேறு மாதிரி. ஒரு வாரம் அரைக் கட்டம் வித்தியாசம் என்று சொல்லும்படி. நன்றாக எழுதினேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. அறையில் தனியாக உட்கார்ந்து நகர்த்தும்போது உள்ளங்கை வேர்த்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஆறு வாரம்.

பொங்கலுக்கு வந்து போனீர்கள். சனிக்கிழமை பலகையை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். பலகைக்கு அடியில் கடலைக் கொல்லையின் பத்திரம் வைத்த துணிப்பை இல்லை. நிலவரிக் கிஸ்தி விஷயமாக எடுத்துப் போயிருப்பீர்கள் என்று இரண்டு நாள் நம்பினேன். நம்பியபடியே கார்டு எழுதாமல் இருந்தேன்.

நேற்று உங்கள் ஆபீஸ் லாரியை ஓட்டும் மலையாண்டி வந்தார். மோர் குடித்துக்கொண்டே சொன்னார். "அண்ணன் கையில ராசி நிக்கிதுக்கா. ஆறு வாரமா அவரு சொல்ற குதிரைதான் ஜெயிக்கிதாம்ல. வர்ற சனிக்கிழமை பத்திரத்தை வச்சு ஒரே போடுன்னு இருக்காரு. எங்களுக்கே ஆசையாக் கெடக்கு."

அது அட்டைக் குதிரை என்று அவரிடம் நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார்கள். "நான் உருட்டுனதுல விழுகல. ஒன் பேனாவுலதான் விழுந்துருக்கு, பாவி மகளே" என்றார்கள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினார்கள். சாப்பிடவில்லை.

எங்கே பிசகியது என்று தேடிப் பார்க்கிறேன். ஆட்டத்தில் இல்லை. ஆட்டம் சரியானது, ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. நீங்கள் தோற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காகிதத்தில்கூட.

உங்களுக்கு ராசி இல்லை. ஒரு மனைவி இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். அந்த ஆறு வெற்றியும் என்னுடையவை. அவற்றை நம்பி ஒரு குதிரை மேலும் கை வைக்க வேண்டாம். கோபம் வந்தால் என் மேல் வரட்டும். ஏமாற்றினாள் என்று மலையாண்டியிடமும் சொல்லுங்கள், ஆபீஸ் முழுக்கச் சொல்லுங்கள். பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருங்கள். ஆனால் சனிக்கிழமை ஒரு மணிக்கு அறைக்கு வந்துவிடுங்கள்.

ராசி இல்லாதவராகவே வீட்டுக்கு வாருங்கள். நானும் அத்தையும் எதிர்பார்ப்பது அவரைத்தான்.

உங்கள்
சொர்ணவல்லி

புதுக்கோட்டை ஸ்டேஷன், அன்று மாலை. பென்சில்தான் இருக்கிறது.

இதை மடிப்பதற்கு முன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்கள். "நீ எழுதுனதை நம்பித்தானே கெட்டான். இதையும் எழுதியா அனுப்புவ?" என்றார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஏழாவது காகிதத்தை மட்டும் நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

கடிதத்தைத் தபாலில் போடவில்லை; கையோடு கொண்டுவருகிறேன். பள்ளிக்கூடத்தில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். தாயக்கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று மணி பஸ் ஏறினேன். சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்கள் அறையில், உங்கள் பலகையில், நீங்களே உருட்டுங்கள்.