கொரிய எழுத்து என்ற சாக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பிலேயே இதை எழுதுகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், அதனால்தான் கடிதம்.

கொரிய எழுத்து எல்லாம் எனக்கு வந்துவிட்டது. நீ கணினியில் ஏற்பாடு செய்த டீச்சர் நேற்று ஒரு கடைப் பெயரை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், கைதட்டினார். எனக்குத்தான் அதில் சந்தோஷமில்லை. எங்களை அங்கேயே வந்துவிடச் சொல்லி நீ கேட்டபோது, முதலில் எழுத்தாவது படிக்கிறேன், பிறகு கிளம்பலாம் என்றேனே, அதை ஒரு வருடமாவது இழுக்கலாம் என்று எண்ணித்தான் சொன்னேன். போன முறை அங்கே வந்தபோது பலகைகளில் பார்த்ததை வைத்து ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இதுவோ மெய்யையும் உயிரையும் பக்கத்திலும் கீழேயும் வைத்துக் கட்டம் கட்டமாக அடுக்குவது, பார்த்ததும் ஒட்டிக்கொள்கிறது. 'பாட்டு' என்று முடிக்கும்போது உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, ஏறக்குறைய அதே ஒலிக்கு அவர்கள் ஒரு படுக்கைக் கோடு வைத்திருக்கிறார்கள். மற்ற மாணவர்கள் அங்கேதான் திணறுவார்களாம். ஒரு நாள் நானும் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, நேத்து சரியாத்தானே சொன்னீங்க, இன்னைக்கு நாக்கு சுளுக்கிடுச்சா என்றாள்.

எழுத்துதான் வந்துடுச்சே, டிக்கெட் போடச் சொல்லட்டுமா என்று தினமும் கேட்கிறாள். வீட்டை விற்றுத்தர ஒரு தரகரையும் வரவழைத்துவிட்டாள். அவர் என் அறையை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

அங்கே நீ ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனபின் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ திரும்பும் நேரத்தைத்தான் பார்த்திருந்தேன். இங்கே பல் வலித்தால் நானே போகிறேன், மருந்துக்கடைக்காரரிடம் நானே சண்டை போடுகிறேன். அங்கே மருந்துப் பெட்டியில் உள்ளதைத் தப்பில்லாமல் வாசிப்பேன், அது தலைவலிக்கா வயிற்றுவலிக்கா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். நான் வரவில்லை கண்ணு. இப்படி எழுதுவது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் வராமல், இதுவரை எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து என் சட்டைகளை மட்டும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். அந்த இடத்தில் குட்டிக்குத் தைத்த உடுப்புகளை வைத்தாள். மூட முடியவில்லை. கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க என்றாள். பிடித்தேன்.

ஒரு டிக்கெட் போதும். அடிக்கடி எழுந்திருப்பாள், நடைபாதை ஓரமாகச் சீட் எடு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா