வென்டிலேட்டரைப் பிரித்தவன்

வியாழன் இரவு, திருப்பதி.

இன்று எங்கள் ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் வேலைக்கு இன்டர்வியூ. கேள்வி கேட்க என்னையும் உட்கார வைத்தார் மேனேஜர். வந்த இரண்டு பேருமே சித்தூரில் நான் படித்த அதே காலேஜ். அங்கே லேபில் ஒரு வென்டிலேட்டர் நிற்கும். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் துடைத்து வைப்பார்கள்.

"வென்டிலேட்டர் பிரிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டேன். கார்வேட்டிநகரத்துப் பெண் மறைக்கவில்லை. "இல்ல சார். எங்க காலேஜ்ல கீறது வெறும் பொட்டி. கத்துக்குடுத்தா கத்துக்குவேன்."

பிச்சாட்டூர்ப் பையனிடமும் அதையே கேட்டேன். "பத்து தபா பிரிச்சி மாட்டிக்கீறேன் சார்" என்றான்.

வேலை அவனுக்கு. அவன் சொன்னது பச்சைப் பொய் என்று மேனேஜரிடம் சண்டை போட்டேன். சிரிக்கிறார் மனுஷன். "தெரியும்ப்பா. தெரியாதுன்னு சொல்றவள ஐசியூல நிறுத்தினா டாக்டருங்க என்னத்தான் காய்ச்சுவாங்க."

அதோடு விட்டுவிட்டேன். என் வேலையும் எனக்கு நிலைக்க வேண்டுமே. அந்தப் பெண் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எனக்கு தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமையிலிருந்து ஐசியூ நைட் டியூட்டி அந்தப் பையனுக்குத்தான், தனியாக. சாயங்காலம் நான் வெளியே வரும்வரை கேட் ஓரமாகவே காத்திருந்தான். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அண்ணா, அந்த வென்டிலேட்டருக்குள்ள நெஜமா இன்னாதாண்ணா இருக்கும்?"