தனமும் கிளம்பாத காரும்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். துளி காற்று இல்லை. கார் கிளம்பவில்லை.

தனம் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எஞ்சின் மட்டும் அசையமாட்டேன் என்கிறது. பேட்டரி புதிது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மெக்கானிக் பாஷா பாய் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாம் முறை.

நகரி ஸ்டேஷனுக்கு ஆட்டோ. ரயில் போய்விட்டது. பிறகு பஸ். வழியெல்லாம் மாங்காய் லாரிகள், பஸ் ஊர்ந்தது. திருப்பதியில் இறங்கி மறுபடி ஆட்டோ. டயா. (டயாலிசிஸ். முழுதாக எழுதக் கை வலிக்கிறது) பிரிவுக்குள் நுழையும்போது என் மெஷினில் வேறு ஆள்.

"லேட்டுகா ஒஸ்தே நேனேம் செய்யாலண்டி?" என்றார் நர்ஸம்மா. தாமதமாக வந்தால் அவர்தான் என்ன செய்வார். மதியத்துக்கு மேல் பாதி நேரம்தான் கிடைத்தது. திரும்பும்போது பஸ்ஸில் புத்தூர் வரை நின்றேன். தனம் என் இடுப்புப் பக்கம் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி நின்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

கால் வீக்கம். செருப்பு வார் மாட்டவில்லை. மாடி ஏறினால் மூச்சு. தண்ணீர் அளவு இன்னும் குறைக்க வேண்டும். மோர் கிடையாது. மாம்பழம் கிடையவே கிடையாது, பொட்டாசியம். பக்கத்து வீட்டில் கூடை கூடையாக வந்து இறங்குகிறது, வாசனை மட்டும் நமக்கு.

சாயந்திரம் தனம் போய்ச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது!

"பாரு மாமா, ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது" என்றாள். அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்பும் மாமாதான், பின்பும் மாமாதான்.

சித்தூரிலிருந்து அண்ணன் போன். விஷயம் அதற்குள் போயிருக்கிறது. ஸ்பீக்கரில்தான் பேசினேன்.

"டேய் நடராஜா, அந்த வண்டிய வித்துத் தொலைடா. பொம்பளைய நம்பி, பழைய வண்டிய நம்பி உசுர வெச்சிக்கினு கீறியே. ஞாயித்துக்கெழம ஒரு பார்ட்டிய இட்டாறேன். மாசத்துக்கு ஒரு டாக்சி பேசிக்கலாம்."

"பாக்கலாம்ணா."

"பாக்கறதுக்கு இன்னா கீது?"

அண்ணன் கெட்டவர் இல்லை. பயம். எனக்கும் அதே பயம்தான். போனை வைத்த பிறகு தனத்திடம், "அண்ணன் சொல்றதும்..." என்று ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் டைம் கீது இல்ல?" என்றாள். வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

இதை எழுதி வைக்கவேண்டும். எனக்கு டயா. ஆரம்பித்தபோது தனத்துக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. ஒருநாள் திரும்பும்போது ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தேன். அடுத்த வாரமே புத்தூர் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். நாற்பத்தொரு வயது, அந்த வகுப்பில் புடவை கட்டி வந்தவள் இவள் ஒருத்திதான். முதல் மாதம் ரிவர்ஸில் எங்கள் முருங்கை மரத்தைச் சாய்த்தாள். இப்போது லாரிக்காரர்கள் வழி விடுகிறார்கள்.

ஜூன் 11, புதன்

மேகம். மழை இல்லை. காலையில் கார் சமர்த்தாகக் கிளம்பியது. டயா. நல்லபடியாக முடிந்தது. உடம்பு லேசு.

வெளியே வந்தால் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் 'டிக்'.

தனம் இறங்கி அங்கே நின்ற ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூப்பிட்டாள். தெலுங்கு மனிதர், நல்ல மாதிரி. வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து, சிவப்பு, கறுப்பு என்று இரண்டு தடித்த ஒயர்களை எடுத்தார். தன் பேட்டரியிலிருந்து எங்கள் வண்டிக்குக் கொடுத்தார். உடனே ஸ்டார்ட். "பேட்டரி போயிந்தம்மா" என்றார். பேட்டரி போய்விட்டதாம்.

"கொத்த பேட்டரி அன்னா" என்றாள் தனம். புது பேட்டரி.

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

புத்தூரில் கீரை வாங்கும்போதும் எஞ்சினை அணைக்கவில்லை. நான் உள்ளே காவல். தனம் வந்து உட்கார்ந்தாள். கீரைக்கட்டை என் மடியில் போட்டாள்.

"பேட்டரி போயிருந்தா லைட்டு ஏன் மாமா பளிச்சினு எரியுது?"

காலேஜ் ஆபீசில் இத்தனை வருஷம் ஃபைல் தைத்தவனுக்கு என்ன தெரியும்.

ஜூன் 12, வியாழன்

வெயில். மின்வெட்டு. பாஷா பாய் கடை.

அங்கே போனால் கார் அப்படி ஒரு நல்ல பிள்ளை. எத்தனை முறை திருப்பினாலும் கிளம்புகிறது. பாய் சிரித்துவிட்டார். "எம்முன்னாடி நின்னாத்தானம்மா நான் பாக்க முடியும்? சும்மா ஒண்ணொண்ணா மாத்திக்கினு இருந்தா உங்களுக்குத்தான நஷ்டம்."

நேர்மையான மனிதர். வேறு ஒருவராக இருந்தால் பாதி காரை மாற்றியிருப்பார்.

தனம் விடவில்லை. "பாய், பேட்டரில இருந்து கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போவுது. சரி. திரும்பி எப்டி வருது?"

"எஞ்சின் இரும்பு வழியாத்தாம்மா. அங்கேந்து ஒரு பட்டை வழியா பேட்டரிக்கு வந்துடும்."

"லைட்டுக்கு?"

"அது பாடி வழியா. தனி ரூட்டு."

தனம் பானெட்டைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாக, "நேத்து அந்த ஆம்புலன்ஸ்காரரு கறுப்பு ஒயர பேட்டரில மாட்டல பாய். எஞ்சின் இரும்புல மாட்டினாரு. அப்போ கோளாறு அந்தப் பட்டையிலதான?" என்றாள்.

நான் அங்கேயேதான் இருந்தேன். எனக்கு ஒயரின் நிறம் தெரியும். எங்கே மாட்டினார் என்று பார்க்கவே இல்லை.

பாய் துணியால் கையைத் துடைப்பதை நிறுத்தினார். அவளை ஒருமுறை பார்த்தார். உள்ளே போய்ப் பழைய ஒயர் ஜோடி ஒன்றை எடுத்து வந்தார். "அடுத்த வாட்டி நின்னா கறுப்பு மட்டும் போடுங்க. உங்க பேட்டரி மைனஸ்ல ஒரு முனை, எஞ்சின் இரும்புல ஒரு முனை. வேற வண்டியே வாணாம். ஸ்டார்ட் ஆச்சினா நீங்க சொல்றது கரெக்டு."

ராத்திரிக்குக் கீரை கிடையாது, அதிலும் பொட்டாசியம். ஊறவைத்து வடித்துச் செய்தால் நாளை ஒரு கரண்டி. சரி.

ஜூன் 13, வெள்ளி

காலையில் கார் கிளம்பிவிட்டது. தனத்துக்கு ஏமாற்றம்! இப்படி ஒரு பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. "சனியன், வேணும்னா நிக்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

டயா. நடக்கும்போது பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னேன். அவரும் தமிழர், சத்தியவேடு பக்கம். "என் பெஞ்சாதி கார் கோளாற கண்டுபுடிச்சிக்கினு கீறா" என்றேன். "உங்க பெஞ்சாதியா?" என்றார். "ஆமாங்க. என் பெஞ்சாதி." இரண்டு முறை சொன்னேன்.

வெளியே வந்தோம். சாவியைத் திருப்பினாள்.

'டிக்.'

தனம் சிரித்தாள். கார் நின்றுபோனதற்குச் சிரித்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். கறுப்பு ஒயர் மட்டும். ஒரு முனை பேட்டரி மைனஸ். மறுமுனை எஞ்சினில் துரு இல்லாத ஒரு இடம், தேடிக் கண்டுபிடித்துக் கவ்வவிட்டாள். இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஒருவர், "ஏமம்மா, பேலுத்துந்தி ஜாக்ரத்த" என்றார். வெடித்துவிடப் போகிறதாம். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் அதே எண்ணம். ஊசி எடுத்த இடத்தில் கட்டோடு நின்றேன்.

திருப்பினாள். கிளம்பியது.

அணைத்தாள். ஒயரை எடுத்தாள். 'டிக்'. ஒயரை மாட்டினாள். கிளம்பியது. இன்னொரு தடவை. அதேதான்.

"மாட்டிக்கிச்சி மாமா" என்றாள்.

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கூடியிருந்தவர்களில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஜூன் 14, சனி

காலை தூறல். பாஷா பாய் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, அந்தப் பட்டையைக் கழற்றினார். முழ நீளம். மேலே கறுப்பு உறை புதிது போல இருக்கிறது. வளைத்ததும் உள்ளேயிருந்து பச்சையாகத் தூள் கொட்டியது. செம்புக் கம்பி அரித்துப் போய் நாலைந்து இழைதான் மிச்சம். அது தொட்டால் கார் ஓடும், விலகினால் 'டிக்'.

புதுப் பட்டை போட்டார். போல்ட்டு உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அங்கே காத்திருந்த டிராக்டர்காரரிடம் அவராகவே சொன்னார்: "இந்தக் கோளாற நான் புடிக்கல. இந்தம்மா புடிச்சிது."

தனம் பழைய பட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிக்கொண்டாள்.

இன்று எடை சரி. கால் வற்றிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் வந்தார். கூட அந்தப் பார்ட்டி, சித்தூரில் மண்டி வைத்திருப்பவர். அண்ணன் கையில் மாம்பழப் பை. எனக்குத் தம்ளர் தண்ணீரே அளந்து கிடைக்கிறது, இவர் ஒரு பை பழத்தோடு!

பார்ட்டி காரில் உட்கார்ந்து கிளப்பினார். அணைத்தார். கிளப்பினார். ஒரு சுற்று ஓட்டி வந்தார்.

"வண்டி நல்லாத்தான கீது. ஏன் விக்கிறீங்க?"

"விக்கலீங்க" என்றாள் தனம். "பெரிய மாமாவுக்குச் சொல்ல மறந்துட்டோம். உள்ள வாங்க, துன்னுட்டுப் போலாம்."

சாப்பாட்டுக்கு நடுவே பையைப் பிரித்துப் பட்டையைக் காட்டினாள். முழுக் கதையையும் நான்தான் சொன்னேன். அவள் பரிமாறிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் கட்டத்தில் நான் தப்பாகச் சொன்னதை மட்டும் திருத்தினாள். அண்ணன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஏம்மா தனம், என் வண்டில ஏசி போட்டா கீழ ஒரு சத்தம் வருது. இன்னாவா இருக்கும்?" என்றார்.

"எப்பவும் வருதா பெரிய மாமா? வண்டி நிக்கும்போதா, ஓடும்போதா?"

அண்ணன் யோசித்தார். "அத கவனிக்கல."

"கவனிச்சிட்டு சொல்லுங்க."

மாம்பழம் ஒரே ஒரு கீற்று கொடுத்தாள். மெல்லிசாக. எதிரில் இருந்த வாழைமரம் தெரிந்தது அதன் வழியே. இனிப்பு!

ஜூன் 17, செவ்வாய்

டயா. இல்லாத நாள். டாக்டர் நேற்றே சரி என்றார். திருமலை போகிறோம். டாக்சி பேசலாமா என்று கேட்டேன். தனம் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மலை உச்சியில் மேகம். அலிபிரியில் செக்கிங், நீண்ட வரிசை. எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார் போலீஸ்காரர். பின்னால் பஸ், வேன், ஜீப். தனம் யோசிக்கவே இல்லை, அணைத்தாள். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள்.

போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்து என்னைக் கேட்டார். "டிரைவர் எக்கட?" டிரைவர் எங்கே என்று.

"ஆமே டிரைவர்" என்றேன். அவள்தான். போதாது என்று பட்டது. "மெக்கானிக் கூடா ஆமே." மெக்கானிக்கும் அவள்தான்.

அவர் பின்னால் திரும்பித் தனத்தை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார். "பதண்டம்மா" என்று வழி விட்டார்.

ஏறி உட்கார்ந்தாள். திருப்பினாள். கிளம்பியது. மலைப்பாதையில் முதல் வளைவு வந்ததும் ஹாரன் அடிக்கச் சொன்னேன்.

"தெரியும். நீ சும்மா குந்து மாமா."