ஆமைத் தீவிலிருக்கும் அப்பா

மே 20, 1988. கோலியர்ஸ் வுட்.

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். அனுப்ப மாட்டேன், டயரியில்தான் எழுதுகிறேன்.

இன்று எண்ணெய் எடுக்கிற அந்தத் தீவிலிருந்து நீங்கள் போன் எடுத்தபோது, இன்னும் நீங்கள் காணாத எங்கள் மகளின் காதில் ரிசீவரை வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, நீங்கள் பேசி அனுப்பிய கசெட் கிடந்த ரேப் றெக்கோடரைக் காட்டி, "அப்பா அங்கை" என்றாள்.

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு, "இந்த முறையும் லீவு இல்லை. ஆமையள் முட்டையிடக் கரைக்கு வாற காலம். இரவிலை லைட் போடேலாது, வேலை இழுபடுது" என்றீர்கள்.

"ஆமையும் முட்டையைப் போட்டிட்டுத் திரும்பியும் பாராமல் போகுமாம். உங்களுக்கு நல்ல கூட்டுத்தான்" என்றேன்.

போனை வைத்துவிட்டீர்கள்.

படுக்கும்போது மகள் கசெட்டைப் போடச் சொன்னாள். "சாப்பிட்டியா குஞ்சு?" என்று கேட்டீர்கள். "ஓம் அப்பா" என்றாள்.

எனக்கும் கெதியாக ஒரு பதில் போடுங்கள்.