வேன் சாவி

ஐப்பசி, செவ்வாய் இரவு.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிவரும் வேனை மகன் நிறுத்திவிட்டான். செலவாம். "ஷேர் ஆட்டோ இருக்குல்லப்பா. வர முடியாதவங்க நின்னுக்கட்டும், ஏஜென்சில சொன்னா வேற ஆளு வரும்" என்றான். "ஆளு வரும்டா. நாளைக்கு ஒரு கஷ்டம்னா கூட நிக்குமா?" என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தொடங்கிய கம்பெனி.

இன்று காலை நல்ல மழை. நானே வேனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். நனைந்துகொண்டு நின்ற பெண்கள் தயங்கித் தயங்கி ஏறினார்கள். "புது டிரைவர் ரொம்ப வயசானவரா கீறாரே" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கேட்டில் இறங்கியதும் பிரஸ் மெஷின் ஓட்டும் செல்வி மட்டும் என் பக்கம் வந்தாள். "நாளைக்கு வராதீங்கய்யா. சின்னவரு உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாரு. எங்களத்தான் கேப்பாரு."

முதல் நாளிலிருந்து கூட இருப்பவள். அவளே பயப்படுகிறாள் என்றால்...

முதுகு வலிக்கிறது. சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாளைக்கும் போவேன். யாரும் ஏறாவிட்டால் காலி வேனையே ஓட்டிக்கொண்டு வருவேன். அவன் பார்க்கட்டும்.