அத்தை ஐட்டம்

2025 ஜனவரி 19
இடையஞ்சாவடியில் பொங்கல் விழா மேடை. நடிகர்கள் ஆறு பேர் குரலில் பேசினேன், கைதட்டல் சுமார். வழக்கம்போலப் பின்னாலிருந்து கத்தினார்கள்: “ஐயப்பண்ணே, அத்தை!” துண்டை முந்தானை மாதிரி தலையில் போட்டதுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒப்பாரி இரண்டு வரி. நடுவில் சட்டென்று அழுகையை நிறுத்தி, “ஏண்டி, வந்தவங்களுக்கு டீ குடுத்தியாடி?” மறுபடி அதே ராகத்தில் அழுகை. அவ்வளவுதான். பத்து வருட மிமிக்ரித் தொழிலில் எனக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த நாலு நிமிஷம்.

நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிற கோட்டக்குப்பம் ஜாகிர் பாய் போன் செய்தார். ஏப்ரலில் துபாயில் நிகழ்ச்சி. “தம்பி, அத்தை ஐட்டம் கண்டிப்பா இருக்கணும்.” நான் விமானத்தில் ஏறப்போகிறேன்!

ஜனவரி 27
அம்மாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. இன்று சொன்னது: தெற்குத் தெரு சக்கரபாணி சாவுக்கு என் அத்தை சாமுண்டீஸ்வரி போயிருக்கிறாள். அப்பாவின் தங்கை. தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்திருக்கிறாள். பந்தலில் இருந்த பையன்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தானாம். இன்னொருவன், “டீ குடுத்தியாடி?” என்று ராகத்தோடு கேட்டானாம். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

“அவ புருஷனுக்கு அழுதத நீ வித்துத் துன்ற,” என்றாள் அம்மா.

நான் எந்த மேடையிலும் பேரைச் சொன்னதில்லையே! சொல்லாவிட்டால் மட்டும் ஊருக்குத் தெரியாதா என்ன? தேசப்பன் மாமா உப்புப் பாத்தியிலேயே விழுந்து செத்த அன்று அத்தை அழுதது அதேதான். “பாத்தி வெளஞ்சு கெடக்குதே ராசா, வாரியெடுக்க ஆளில்லையே.” நடுவில் டீ கேட்டதும் நிஜம். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டேதான், இது மேடைக்கு ஆகும் என்று மனசில் குறித்துக்கொண்டேன். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ஜனவரி 28
அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இனி அந்த ஐட்டம் கிடையாது.

பிப்ரவரி 2
மன்னிப்புக் கேட்க அத்தை வீட்டுக்குப் போனேன். அங்கே செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே “டீ குடிக்கிறியா?” என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். இன்று வரவில்லை. அத்தை தானாகப் போட்டு எடுத்து வந்து முன்னால் வைத்தாள். நான் மழையைப் பற்றிப் பேசினேன். இந்த வருஷம் உப்பு எப்படி என்று கேட்டேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மூவாயிரம் பேர் முன்னால் பேசுகிற வாய்!

பிப்ரவரி 15
செய்துவிட்டேன். திண்டிவனத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். எதைச் செஞ்சாலும் ஒருத்தன் சிரிக்கல. சாப்பாட்டுப் பக்கம் எழுந்து போக ஆரம்பிச்சிட்டாங்க. கை தானா துண்ட எடுத்துடுச்சி.

கை என்ன கை. நான்தான் எடுத்தேன்.

பிப்ரவரி 17
வீடியோ அம்மா போனுக்கே வந்துவிட்டது. முழுசாகப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 18
இன்றும் பேசவில்லை. கஞ்சியை மட்டும் என் கையால் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரி 25
இருபதாம் தேதி காலையில் அம்மா போய்விட்டாள். கடைசி வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் எழுத வருகிறது.

பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் ஒப்பாரி எடுக்கவில்லை. மூக்கைச் சிந்துவார்கள், என்னைப் பார்ப்பார்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் நிற்கிறேனே, அதனால்தான். எங்கம்மா அழுறதுக்கு ஆளில்லாம கெடக்குறா, என்னால. நான் வெளிய போய் நின்னா அழுவாங்களா? பெத்த புள்ள எங்க போறது?

அத்தை பாத்தியிலிருந்து அப்படியே வந்தாள், காலில் சேறோடு. தலைமாட்டில் உட்கார்ந்தாள். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் எடுத்தாள்.

“நாத்தி வந்து நிக்கிறேனே அண்ணியே, வான்னு சொல்ல ஆளில்லையே...”

மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் அத்தை சட்டென்று நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என் மனைவி பக்கம் திரும்பினாள்.

“ஏண்டி பூங்குழலி, புள்ளைக்கு டீ குடுத்தியாடி? காலையிலேருந்து ஒண்ணும் துன்னாம நிக்கிறான் பாரு.”

பந்தலுக்கு வெளியே யாரோ ஒருவன் சிரித்தான். அத்தை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அதே ராகத்தில் அழுகையைத் தொடர்ந்தாள்.

பூங்குழலி டம்ளரை என் கையில் வைத்தாள். எல்லார் முன்னாலும் நின்று குடித்தேன்.

மார்ச் 9
ஜாகிர் பாய் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். “அந்த ஐட்டம் இல்லாம எப்படி தம்பி? அதுக்காகத்தானே உங்கள கேக்குறாங்க.” வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. தோன்றுமா என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன், “டீ குடிக்கிறீங்களா அத்தை?”

உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“சக்கரை கம்மியா போடு,” என்றாள்.